3 லட்சத்துக்கு வாங்கிய நெக்லஸை மதிப்பீட்டாளர் 2.3 லட்சம் என்கிறார். கடையில் ஏமாந்துவிட்டேனா? இன்சூரன்ஸுக்கு எந்தத் தொகையைச் சொல்வது?

ஏமாறவில்லை. மதிப்பீட்டாளரையும் திட்டாதீர்கள். கோயம்புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடனுக்கு உரசிப் பார்க்கும் அப்ரைசர் நான். பரம்பரையாகப் பட்டறைக் குடும்பம்.

நீங்கள் காட்டியதும் அநேகமாக என்னைப் போன்ற ஒருவரிடம்தான் இருக்கும். பில்லை எடுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 3 பவுன், அதாவது 24 கிராம். கிராம் 10,000 என்று வைத்தால் தங்கம் 2,40,000. சேதாரம் 15 சதவீதம், 36,000. கல்லுக்கு ஒரு 15,000. எல்லாவற்றுக்கும் மேலே 3 சதவீதம் ஜிஎஸ்டி. 3 லட்சம் வந்துவிட்டதா? இதில் வங்கி பார்ப்பது முதல் வரியை மட்டும். அதையும் கடைப் பலகையில் போட்டிருக்கும் விலைக்குப் போட முடியாது. முந்தைய நாள் விலை, 30 நாள் சராசரி, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதி.

இதையேதான் ஒரு அம்மாவிடமும் சொன்னேன். மகளுக்குப் போட்ட கல் அட்டிகை, வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கல், அரக்கு எடையைக் கழித்துத் தொகையைச் சொன்னதும், "ஏந்தம்பி, போன மாசம் எடுத்த நகைங்க. அதுக்குள்ள தேஞ்சா போச்சு?" என்று கிளையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். மேனேஜரும் என்னைத்தான் முறைத்தார். பில்லை வாங்கி ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். கடைசியில் அவர் கேட்ட கேள்விதான் கேள்வி: "அப்போ சேதாரம்னு எடுத்த தங்கமெல்லாம் எங்கப்பா போச்சு?"

எங்கேயும் போகவில்லை. அப்பா அராவிய தூளைக்கூடக் கூட்டி அள்ளி உருக்கிவிடுவார். அப்படியும் தப்பியதை எடுக்க, பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அரிக்கவே ஆட்கள் வருவார்கள். இன்று பில்லில் இருக்கும் சேதாரத்தில் பெரும்பங்கு வேலைக்கும் கடை நடத்துவதற்குமான விலை. கடைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கூலி வாங்குவது தப்பு என்று பட்டறைக்காரன் மகன் சொல்வேனா? அந்தக் காசு அடகில் திரும்பி வராது என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, இன்சூரன்ஸ். அங்கே இந்த 2.3 லட்சத்தைக் கொண்டுபோகாதீர்கள், அது கடனுக்கான கணக்கு. நகை திருடு போனால் அதே மாதிரி ஒன்றை இன்று வாங்க எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். நகைக்கென்று அரசாங்கப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் தனியாக உண்டு. எதற்காக என்பதை முதலிலேயே சொல்லி அவர்களிடம் எழுதி வாங்குங்கள். சேதாரமும் வரியும் இழப்பீட்டில் சேருமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள்.

கூட்டிக் காட்டினால் பிரீமியம்தான் கூடும், பொதுவாகக் கிடைப்பது நிஜ நஷ்டம்தான். குறைத்துக் காட்டினால் இன்னும் மோசம். 10 லட்சம் பெறும் நகைகளை 5 லட்சத்துக்குப் போட்டுவைத்து, அதில் 2 லட்சத்து நகை போனால், பல பாலிசிகளில் கைக்கு வருவது 1 லட்சம். தங்கம் ஏறுகிற ஏற்றத்தில், பழைய தொகைக்கே வருஷாவருஷம் புதுப்பிப்பவர்கள் நிலைமை இதுதான். எஸ்டிமேட் சீட்டில் வாங்கி ஜிஎஸ்டியை மிச்சம் பிடித்தவர்களுக்கு, கிளெய்ம் கேட்கும்போது நீட்ட பில்லே இருக்காது.

லாக்கரில் இருக்கிறதே என்றால், உள்ளே இருப்பதற்கு வங்கி இன்சூரன்ஸ் எடுப்பதில்லை. தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் அதன் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம்.

அப்புறம் ஒன்று. 'அப்ரைசர் கமிஷனுக்காகக் குறைத்துப் போடுகிறார்' என்று யாராவது கீழே எழுதுவார்கள். ஐயா, கடன் தொகை குறைந்தால் என் கமிஷனும் குறையும். சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது, கடன் வராத நாளில் வருமானமும் கிடையாது. ஆனால் ஒரு முலாம் பூசிய வளையல் தப்பித்தவறி உள்ளே போய்விட்டால் மட்டும் போலீஸ் முதலில் தேடுவது என்னைத்தான். இதையெல்லாம் யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை, அதனால் இங்கேயே எழுதிவிட்டேன்.