கோட் டு ரோன் சிவப்பு ஒயின் எப்படி இருக்கும், எந்த உணவோடு சேரும்?

பழச்சுவை தூக்கலாக, மிளகு வாசத்தோடு, தொண்டையில் இளஞ்சூடாக இறங்கும் ஒயின் இது. ஆடு, மாடு, பூண்டு, மூலிகை எல்லாவற்றோடும் அருமையாகச் சேரும். மீனோடும் மிளகாய்க் காரத்தோடும் சேராது.

பிரான்சின் தெற்கே, அவிஞோன் நகரைச் சுற்றி விளையும் திராட்சைகளின் கலவை இது. பெரும்பங்கு கிரெனாஷ் என்ற திராட்சை. மெல்லிய தோல், வேகமாக ஏறும் சர்க்கரை. அதனால் 14 சதவீத ஆல்கஹால் சர்வசாதாரணம். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி மணம் இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் நிறமும் துவர்ப்பும் குறைவு, காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறிவிடும். அந்தக் குறைகளைச் சரிக்கட்டத்தான் சிரா, மூர்வெத்ர் என்ற மற்ற இரண்டு திராட்சைகளும். சிரா கருஞ்சிவப்பையும் மிளகு வாசத்தையும் தருகிறது. நம் குருமிளகில் உள்ள ரோட்டண்டோன் என்ற அதே வேதிப்பொருள்தான் சிராவின் தோலிலும் இருக்கிறது. மூர்வெத்ர் துவர்ப்பையும், பதனிட்ட தோலை நினைவூட்டும் மணத்தையும், காற்றைத் தாங்கும் வலுவையும் சேர்க்கிறது. கிரெனாஷைச் சின்ன மரப்பீப்பாயில் போட்டால் காற்று அதிகம் புகும் என்பதால் பலரும் கான்கிரீட் தொட்டியிலோ பழைய பெரிய பீப்பாயிலோதான் வைக்கிறார்கள்.

‘குடித்தேன், ஒரே ஸ்பிரிட் வாடை’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் சூடாகக் குடித்தவர்கள். 30 டிகிரி அறையில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழம் ஜாம் போலக் குழைந்து தெரியும். 15 முதல் 17 டிகிரியில் பரிமாறுங்கள். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பாட்டிலைக் கழுத்துவரை 10–12 நிமிடம் வைத்தால் போதும். வெறும் ஐஸ் கட்டி பாட்டிலை முழுதாகத் தொடாது, நேரம் இழுக்கும். 12 டிகிரிக்குக் கீழே போனால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும்.

இதற்கு ஆகப் பொருத்தமானது தோப் என்ற, தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதி மாட்டிறைச்சிக் குழம்புதான். ஒரு கிலோ தோள்கறிக்கு ஒரு பாட்டில் ஒயின், வெங்காயம், கேரட், பூண்டு, தைம் என்ற மூலிகை, பிரிஞ்சி இலை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு. இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் மூடிபோட்டு மூன்று மணி நேரமாவது மெல்லிய தீயில் வேகவேண்டும். தளதளவெனக் கொதித்தால் கறி நார்நாராக வறண்டுவிடும். கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும், தைம் வாசம் ஒயினின் மூலிகை வாசத்தோடு ஒன்றும். பூண்டும் ரோஸ்மேரியும் செருகிச் சுட்ட ஆட்டுத்தொடையும் இதே கணக்குதான்.

சைவத்துக்கு, கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளியெல்லாம் சேர்த்துச் செய்யும் ரத்தத்தூய் என்ற பிரெஞ்சுக் காய்கறிக் குழம்பு நல்ல தேர்வு. ஆனால் தக்காளி நீர் வற்றும்வரை வதக்குங்கள். கிரெனாஷில் புளிப்பு குறைவு, வதங்காத தக்காளியின் புளிப்புக்கு முன் ஒயின் சப்பென்றாகிவிடும். கடைசியில் கறுப்பு ஆலிவ் சேர்த்தால் இன்னும் நெருக்கம்.

மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் இரட்டிப்பாக்கும்; மிளகுக் காரம் பரவாயில்லை. எண்ணெய்ச் சத்துள்ள மீனோடு குடித்தால், ஒயினிலுள்ள இரும்பு மீனெண்ணெயோடு சேர்ந்து வாயில் உலோக வாடை அடிக்கும்.

மிச்சமிருந்தால் கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளில் முடியாததைத் தோப் குழம்பில் ஊற்றிவிடலாம்.