ஹீட்டர் சுவிட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுவது ஏன்?

கேள்வி: கணவர் வளைகுடாவில் பணிபுரிவதால் நாங்களும் அங்கேயே தங்கியிருந்துவிட்டு, பல மாதங்கள் பூட்டிக் கிடந்த வீட்டை அண்மையில்தான் திறந்தோம். வாட்டர் ஹீட்டர் சுவிட்சைப் போட்ட மறுகணமே ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) விழுந்து, வீடு முழுவதும் கரண்ட் போய்விடுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் தொல்லை இல்லை. எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) தான் இருக்கிறதே, ஹீட்டர் லைனை மட்டும் ஆர்.சி.சி.பி. வழியாக இல்லாமல் நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: கூடவே கூடாது. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். அதற்கு மேல் சில மில்லி ஆம்பியர் எர்த்துக்குக் கசிந்தாலும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. பேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுமையாகத் திரும்புகிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைவதற்குள் இணைப்பைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. மட்டுமே. குளிக்கும் தண்ணீரோடு தொடர்புள்ள லைனில் அதை விலக்குவது, சொல்லப்போனால், ஹீட்டரே இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

பிளக்கைப் பிடுங்கியதும் நிற்கிறது என்பதால் பழுது பெரும்பாலும் ஹீட்டருக்குள்தான். எலிமெண்டின் உலோக உறைக்கும் உள்ளே ஓடும் நிக்ரோம் கம்பிக்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். காய்ந்திருக்கும்வரை நல்ல காப்பான இத்தூள், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், கடலோரத்தில் மாதக்கணக்கில் சூடேறாமல் கிடந்தால் முனைகளின் வழியே ஈரமேறிக் கசியத் தொடங்கிவிடும். மற்றொரு காரணம் போர்த் தண்ணீர். அதிலுள்ள உப்பு உறையை அரித்துக் குண்டூசி முனையளவு துளையிட்டுவிட்டால், தண்ணீர் நேரே தூளுக்குள் புகுந்துவிடும்.

இரண்டில் எது என்பதை அறிய ஒரு வழி உண்டு. பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போடாமலேயே மோட்டார் போன்றவற்றை ஓட்டிப் பாருங்கள். சுவிட்ச் பேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் எலிமெண்டோடு இணைந்தே இருக்கும். அந்நிலையிலும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், மோட்டார் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எழும் ஓரிரு வோல்ட்டே 30 மில்லி ஆம்பியரைத் தள்ளுகிறது என்றாகிறது; அது வெறும் ஈரமல்ல, பெரும்பாலும் உறை உடைந்ததன் அடையாளம். விழாவிட்டால் ஈரமாக இருக்க வாய்ப்புண்டு, ஆனால் உறுதியில்லை.

உறுதிசெய்ய, காப்பின் தடையை அளக்கும் மெகர் என்ற கருவி வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின், தெர்மோஸ்டாட் இடையில் துண்டித்திருக்கக்கூடும் என்பதால் எலிமெண்டின் வயர்களைக் கழற்றிவிட்டு, அதன் முனைக்கும் உறைக்கும் இடையே 500 வோல்ட்டில் எலெக்ட்ரீஷியன் அளக்கட்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் சந்தேகத்திற்குரியது. மூடியைத் திறக்கும்போதே முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்புக் களிம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்; சில வீடுகளில் அதைச் சுரண்டித் துடைத்துக் காயவைத்ததோடு வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் எலிமெண்டைக் கழற்றி, மோட்டார் காயில் கட்டும் பட்டறையின் ஓவனில் மிதமான சூட்டில் சில மணி நேரம் காயவைத்து, ஆறியபின் மீண்டும் அளக்கலாம். அளவு நன்கு உயர்ந்தால் அதையே பொருத்தலாம். உயராவிட்டாலோ உறையில் துளை தெரிந்தாலோ, அதே வாட்டில் புதியது வாங்குங்கள். ரப்பர் வளையத்தையும், தொட்டி அரிக்காமல் தானே கரைந்து காக்கும் மெக்னீசியக் கம்பி தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.