புளோரிடாவில் காப்பாற்றி வைக்க என்ன வரலாறு இருக்கிறது? ஈட்டன்வில்லுக்குப் போய்ப் பாருங்கள்

"புளோரிடா என்றால் டிஸ்னியும் கடற்கரையும்தானே? அங்கே உள்ளூர் வரலாறு என்று ஏதாவது உண்டா? உண்டென்றால் ஊர்க்காரர்கள் அதை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே ஒரு ஊரை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஆர்லாண்டோவுக்கு வடக்கே குடியிருக்கிறேன். தினமும் வேலைக்குப் போவது ஐ-4 நெடுஞ்சாலையில்தான். அந்தச் சாலை ஒரு ஊரின் நடுவே போகிறது என்பதே நான்கு வருடம் எனக்குத் தெரியாது. 1960-களில் ஊரை இரண்டு துண்டாக வெட்டிக்கொண்டு நெடுஞ்சாலை போட்டார்கள், ஆனால் அந்த ஊருக்கென்று இறங்கும் வழி வைக்கவில்லை. அப்புறம் எப்படித் தெரியும்? ஊரின் பெயர் ஈட்டன்வில். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இடம். கார் அதைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

1887 ஆகஸ்ட் 15 அன்று 27 கறுப்பின ஆண்கள் கூடி வாக்களித்து இதைத் தனி நகராட்சியாக்கினார்கள். அடிமை முறை ஒழிந்து அப்போது 22 வருடம்தான் ஆகியிருந்தது. கறுப்பின மக்கள் தாங்களே மேயரையும் கவுன்சிலையும் தேர்ந்தெடுத்துத் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட அமெரிக்க ஊர்களில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. இன்றைக்கும் அதே நகராட்சியாக நடக்கிறது. ஜோ கிளார்க் என்பவர் இப்படி ஒரு ஊருக்காக நிலம் தேடி அலைந்தபோது, கறுப்பினத்தவருக்கு அவ்வளவு நிலத்தை மொத்தமாக விற்க யாரும் முன்வரவில்லை. பக்கத்து ஊரான மெய்ட்லாந்தைச் சேர்ந்த ஜோசையா ஈட்டன், லூயிஸ் லாரன்ஸ் என்ற இரண்டு வெள்ளையர்கள் உதவியதால்தான் 112 ஏக்கர் கிடைத்தது. ஈட்டனின் பெயர் ஊருக்கு வந்தது, லாரன்ஸின் பெயர் தேவாலயத்துக்குப் போனது. 1889-ல் ஊருக்கென்று ஒரு செய்தித்தாள் இருந்திருக்கிறது. அதில் நாடெங்கும் உள்ள கறுப்பின மக்களுக்கு ஒரு விளம்பரம்: இனப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டுமா, ஈட்டன்வில்லில் ஒரு வீடு வாங்குங்கள் என்கிற பொருளில். அந்த வரியைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஆனால் கோட்டை கொத்தளம் என்று பார்க்க இங்கே ஒன்றும் கிடையாது. இங்கே இருந்த பெரிய சொத்து பேச்சுதான். ஜோ கிளார்க் கடை வைத்திருந்தார். அதன் முன் தாழ்வாரம் நம் ஊர்த் திண்ணை மாதிரி. சாயங்காலமானால் ஆட்கள் வந்து உட்கார்ந்து கதை அளப்பார்கள். மிருகக் கதை, பேய்க் கதை, கடவுளும் சாத்தானும் சண்டை போட்ட கதை. வீட்டுக்குச் சாமான் வாங்க வந்த ஒரு சிறுமி வேண்டுமென்றே மெதுவாக நடந்து அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டாள். அவள்தான் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ஜோரா நீல் ஹர்ஸ்டன். அப்பா இந்த ஊருக்கு மேயராக இருந்தவர். ஹர்ஸ்டன் பிறந்தது அலபாமாவில், 1891-ல். இருந்தாலும் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஈட்டன்வில் என்றுதான் வாழ்நாள் முழுவதும் சொன்னார்.

பிறகு நியூயார்க் போய் மானுடவியல் படித்துவிட்டு, கதை சேகரிக்க இதே தாழ்வாரத்துக்குத் திரும்பி வந்தார். 1935-ல் அவர் வெளியிட்ட நாட்டார் கதைத் தொகுப்பு ஈட்டன்வில்லின் குரலோடுதான் தொடங்குகிறது. அதே வருடம் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸுடன் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்து ஊர்ப் பாட்டுகளையும் பதிவு செய்தார். அறிஞர்கள் அப்போதெல்லாம் வெளியிலிருந்து வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர் கூட்டத்தோடு சேர்ந்து தானும் பாடிப் பாடி மனப்பாடம் செய்துகொள்வார். நான் அறிந்தவரை ஒரு ஊரின் நினைவைக் காக்க அதைவிட நல்ல முறை கிடையாது.

அப்படிப்பட்டவர் 1960 ஜனவரியில் புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில், ஆதரவற்றோர் காப்பகத்தில் இறந்தார். ஊரார் வசூல் செய்து அடக்கம் செய்தார்கள். சமாதிக்குக் கல் வைக்கப் பணமில்லை. எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1973-ல் தேடிப் போய்க் கல் வைக்கும்வரை அங்கே வெறும் புல்தான். ஹர்ஸ்டன் இருந்த வீட்டைக் காலி செய்ய வந்தவர்கள் பெட்டியிலிருந்த காகிதங்களைக் குவித்துத் தீ வைத்துவிட்டார்கள். அந்த வழியாக வந்த பாட்ரிக் டுவால் என்ற துணை ஷெரிப் புகையைப் பார்த்தார். எரிவது யாருடைய எழுத்து என்று அவருக்குத் தெரியும். தண்ணீரை அடித்து அணைத்தார்.

அதில் பிழைத்த தாள்கள் இப்போது கெய்ன்ஸ்வில்லில், புளோரிடா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை போகலாம் என்று நினைத்து, நூலகத்தின் அந்தப் பிரிவு வாரநாட்களில்தான் திறக்கும் என்று தெரிந்து, விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பேனாவை வெளியே வைத்துவிட வேண்டும், பென்சில் மட்டும்தான். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. தாளின் ஓரம் பழுப்பாகத் தொடங்கி, கருத்து, அப்புறம் இல்லாமலே போகிறது. வரி பாதியில் நிற்கிறது. அடுத்த வரியும் அதே இடத்தில் நிற்கிறது. பைபிளில் வரும் ஏரோது மன்னனைப் பற்றிக் கடைசிக் காலத்தில் ஹர்ஸ்டன் எழுதிக்கொண்டிருந்த நாவலும் அந்தத் தீயிலிருந்து மீண்டதுதான். 65 வருடம் கழித்து, 2025 ஜனவரியில் அது புத்தகமாக வந்தது. டுவால் பத்து நிமிடம் தாமதித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

சரி, ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

1987-ல், ஊருக்கு நூறு வயது நிறைந்த அதே வருடம், ஊரின் முக்கியத் தெருவான கென்னடி பூலவார்டை இரண்டு தடத்திலிருந்து ஐந்து தடமாக அகலப்படுத்த மாவட்ட நிர்வாகம் திட்டம் போட்டது. நெடுஞ்சாலை ஏற்கெனவே ஒரு முறை வெட்டியாகிவிட்டது. இதுவும் வந்தால் நடுத்தெருவே போய்விடும். ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். வெறும் மறியலோடு நிற்காமல், இந்தத் தெரு யாருடைய தெரு என்று நாட்டுக்கே காட்டலாம் என்று 1990 ஜனவரியில் ஹர்ஸ்டன் பெயரில் ஒரு திருவிழா நடத்தினார்கள். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1998-ல் ஊரின் பழைய பகுதி தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. அகலப்படுத்த இருந்த அதே தெருவை மறித்துப் பந்தல் போட்டுத்தான் பல வருடம் அந்தத் திருவிழா நடந்தது. நான் முதன்முதலில் காரை எங்கோ நிறுத்திவிட்டு இந்த ஊருக்குள் நடந்து போனதும் அப்படி ஒரு ஜனவரியில்தான்.

இன்னொரு சண்டை நிலத்துக்காக. அலபாமாவின் டஸ்கீஜியில், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய பள்ளியில் படித்துவிட்டு வந்த ரசல் கல்ஹூனும் அவர் மனைவி மேரியும் 1897-ல் இங்கே ஹங்கர்ஃபோர்டு பள்ளியைத் தொடங்கினார்கள். இறந்துபோன தங்கள் டாக்டர் மகனின் நினைவாக ஹங்கர்ஃபோர்டு குடும்பம் நிலம் கொடுத்தது. பள்ளி நிலம் காலப்போக்கில் 300 ஏக்கர்வரை வளர்ந்தது. 1951-ல் மாவட்டப் பள்ளி வாரியம் மொத்தத்தையும் சுமார் 16,000 டாலருக்கு எடுத்துக்கொண்டது, கறுப்பினக் குழந்தைகளின் கல்விக்கே பயன்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பள்ளி 2009-ல் மூடப்பட்டது, கட்டடம் 2020-ல் இடிக்கப்பட்டது. மீதியிருந்த நூறு ஏக்கரை ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு 1.46 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். ஊர் கொதித்தது. 2023 பிப்ரவரியில் நகராட்சிக் கவுன்சில் கட்டுமானத் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது, அடுத்த மாதம் விற்பனையும் முறிந்தது.

அருங்காட்சியகம் வைப்பதும் பலகை நடுவதும் நல்ல காரியம்தான். ஆனால் இந்த ஊரைக் காப்பாற்றியது அவை இல்லை என்பது என் எண்ணம். 27 பேர் 1887-ல் போட்ட ஓட்டுதான் காப்பாற்றியது. அவர்கள் நகராட்சி என்று ஒன்றை உண்டாக்கி வைத்ததால்தான் 136 வருடம் கழித்து "முடியாது" என்று சொல்ல ஒரு கவுன்சில் இருந்தது.

அப்படி ஒன்று இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இதே மாவட்டத்தில், ஆரஞ்சு கவுன்ட்டியில், ஒக்கோயீ என்ற ஊர் இருக்கிறது. 1920 நவம்பர் 2, தேர்தல் நாளில் கறுப்பினத்தவர் வாக்களிக்க வந்ததற்காக வெள்ளையர் கும்பல் அவர்களுடைய வீடுகளைக் கொளுத்தியது. ஜூலை பெரி என்பவரைத் தூக்கிலிட்டுக் கொன்றது. உயிர் பிழைத்தவர்கள் ஊரை விட்டே ஓடினார்கள், பல பத்தாண்டுகள் அங்கே கறுப்பினக் குடும்பமே இல்லை. கதை சொல்ல ஆளில்லாததால் கதையும் போயிற்று. பெரியின் சமாதிக்கு 2002-ல்தான் கல் வந்தது. நகராட்சி வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது 2018-ல். நடந்ததை 1930-களின் கடைசியிலேயே எழுதி வைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? எழுத்தாளர்களுக்கு வேலை கொடுக்க அரசு நடத்திய திட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹர்ஸ்டன்.

திருவிழாவில் பார்த்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பொரித்த மீன் கடைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை, அதன் பின்னால் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. ஹங்கர்ஃபோர்டில் படித்தவராம். மேசையில் அந்தப் பள்ளியின் வகுப்புப் படங்கள் பரப்பியிருந்தன. ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலில் வரிசை வரிசையாகப் பெயர்கள், நடுநடுவே வெறும் கோடுகள். கோடு என்றால் பெயர் தெரியாத முகம். "பேனா வேண்டாம் கண்ணு, மை முன்பக்கம் ஊறிடும்" என்கிற மாதிரி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். படங்களை என் போனில் எடுத்து அவருடைய பேத்திக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, கையில் மீன் பொட்டலத்தோடு ஒரு பெரியவர் வந்து குனிந்து பார்த்தார். இரண்டாவது வரிசையில் ஓரமாக நிற்கும் ஒரு பெண்ணின் மேல் விரல் வைத்து, "இது என் அத்தை" என்றார்.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. படத்தைத் திருப்பி வைத்து, பென்சிலை அவரிடம் நீட்டினார்.