பல கட்டப் பாலைவன ஓட்டத்தில், இன்று முதலில் வந்தவர் ஏன் பட்டியலில் முதலிடத்தில் இல்லை?

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய ஓட்டம்தான் அல்ட்ராமாரத்தான். அதைப் பல நாட்களுக்குப் பிரித்து ஓடினால் பல கட்ட ஓட்டம். மொராக்கோவின் சஹாராவில் 1986 முதல் நடக்கும் மாரத்தான் தே சாப்ல் இப்படிப்பட்டது. மொத்தம் சுமார் 250 கிலோமீட்டர்.

இதில் எல்லா நாள் நேரத்தையும் கூட்டித்தான் வெற்றியாளரை முடிவு செய்கிறார்கள். ஒரு பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவர் மொத்தத்தில் பின்தங்குவதில்லையா, அதுபோலத்தான். அதனால் அன்றைய முடிவை விட மொத்த நேரப் பட்டியலைப் பாருங்கள். முக்கியமாக நீண்ட கட்டத்தைத் தவறவிடாதீர்கள். சுமார் 80 கிலோமீட்டர். உணவும் படுக்கையும் முதுகில். பலர் நெற்றி விளக்கோடு இரவெல்லாம் மணலில் நடக்கிறார்கள். எனக்கு முன்னணி வீரர்களை விட அவர்களைப் பின்தொடரத்தான் பிடிக்கும்.

1994இல் இத்தாலியர் மௌரோ புரொஸ்பேரி மணற்புயலில் வழி தவறி, பல நாள் கழித்து அல்ஜீரியாவில் உயிரோடு கிடைத்தார். இப்போது ஓடுபவர்களிடம் செயற்கைக்கோள் கருவி இருக்கிறது. வரைபடத்தில் புள்ளியாகத் தெரிவார்கள்.

அந்தப் புள்ளி நகராமல் நின்றால் ஆபத்து என்று பலர் பதறுகிறார்கள். கருவி இடைவெளி விட்டுத்தான் இருப்பிடத்தை அனுப்பும், தவிர அவர் சோதனைச் சாவடியில் தண்ணீர் வாங்கி, காலணியில் புகுந்த மணலைக் கொட்டிக்கொண்டும் இருக்கலாம்.