கொலராடோவில் வேட்டைக்காரர்களிடம் வாயைக் கொடுக்குமுன்

தம்பி, கொலராடோவின் மேற்கே, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கிராண்ட் ஜங்ஷனில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டின்போது "மலைச் சிங்க வேட்டையைத் தடை செய்ய வந்த ஓட்டெடுப்பை ஏன் தோற்கடித்தீர்கள், பாவமில்லையா?" என்று நீங்கள் கேட்டதும், கூட இருந்தவர்கள் சாப்பிட்டு முடிக்காமலே எழுந்து போய்விட்டார்களாம். ஏன் என்று கேட்கிறீர்கள். கூடவே வாடகை, பள்ளிக்கூடம், குளிருக்கு எந்த ஜாக்கெட் என்று நாலைந்து கேள்வி. அவற்றுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. எச்1பி விசாவில் இருக்கும் உங்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது. கடை வாசலில் ஓட்டெடுப்புக்கான மனு அட்டையை நீட்டிக்கொண்டு "விலங்குகளைக் காப்பாற்ற ஒரு கையெழுத்து" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். போடாதீர்கள். பதிவுபெற்ற வாக்காளர் இல்லை என்று தெரிந்தே மனுவில் கையெழுத்திடுவது இந்த மாநிலச் சட்டப்படி குற்றம். மனுவின் மேலேயே அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது அதைவிட ஆபத்து. 2022இல் மாநிலத் தேர்தல் துறையே குடியுரிமை இல்லாத சுமார் 30,000 பேருக்கு "பதிவு செய்யுங்கள்" என்று தவறுதலாகத் தபால் அட்டை அனுப்பியது. அரசாங்கமே அனுப்பியதுதானே என்று நிரப்பிக் கொடுத்தால், பின்னாளில் கிரீன் கார்டு நேர்காணலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். துப்பாக்கியும் அப்படித்தான். உங்கள் விசாவில் அதைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, சிங்கத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன ஓட்டெடுப்பு 2024 நவம்பரில் வந்த 127ஆம் முன்மொழிவு. மலைச் சிங்கம் (நம் ஊர்ச் சிங்கம் இல்லை, பூமா என்னும் பெரிய காட்டுப் பூனை), பாப்கேட், லின்க்ஸ் என்னும் சிறிய காட்டுப் பூனைகள், மூன்றையும் வேட்டையாடக் கூடாது என்றது. ஏறக்குறைய 55 சதவீதம் பேர் வேண்டாம் என்று போட்டுவிட்டார்கள். டென்வர் பக்கத்து நகர மக்கள்தான் இந்த மாநிலத்தின் பெரும்பான்மை. அவர்களிலும் நிறையப் பேர் எதிர்த்துப் போடாமல் இந்தக் கணக்கு வராது. அதனால் "துப்பாக்கிப் பைத்தியங்கள் கெடுத்துவிட்டார்கள்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

நம் ஊரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே கள்ள வேட்டைதான். அந்தக் கண்ணோடு வந்து இறங்கினால் இங்கே எல்லாமே அதிர்ச்சியாக இருக்கும். இங்கே காட்டு விலங்கு மாநிலத்தின் பொதுச் சொத்து. எந்தப் பகுதியில் எத்தனை சிங்கம் சுடலாம் என்று வனவிலங்குத் துறை வரம்பு போடும்; எட்டியதும் அந்தப் பகுதியை மூடிவிடும். சிங்க வேட்டைக்கென்று தனிப் பாடமும் தேர்வும் உண்டு. குட்டிகளோடு இருக்கும் தாயைச் சுடக் கூடாது. சுட்டதைத் துறை ஆட்களிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், கறியை வீணாக்கக் கூடாது. மாநிலத்தில் 3,800 முதல் 4,400 வரை வளர்ந்த சிங்கங்கள் இருப்பதாகத் துறையின் மதிப்பீடு. ஆண்டுக்கு 500 போல வேட்டையாடப்படுகின்றன. 1965 வரை கொன்றவருக்கு அரசே சன்மானம் கொடுத்த விலங்கு இது. அந்த ஆண்டுதான் வேட்டை விலங்காக அறிவித்துக் கட்டுப்பாடு வைத்தார்கள், அதற்கப்புறம் எண்ணிக்கை கூடியது. அந்தத் துறையின் செலவில் பெரும்பங்கு உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வாங்கும் மத்திய வரியிலிருந்தும் வருகிறது. "காசு கொடுத்துக் காப்பாற்றுகிறவர்கள் நாங்கள், எங்களைக் கொலைகாரர்கள் என்கிறார்கள்" என்று அவர்கள் குமுறுவது இதனால்தான்.

ஆனால் அன்று அவர்கள் எழுந்து போனதற்குக் காரணம் சிங்கம் மட்டும் இல்லை, ஓநாய். 2020இல் ஓநாயைத் திரும்பக் கொண்டுவரும் முன்மொழிவு 51 சதவீதம்கூடத் தொடாமல் ஜெயித்தது. ஓட்டுப் போட்டவர்கள் நகரத்தில். ஓநாயை இறக்கியது மலைக்கு இந்தப் பக்கம். 2023 டிசம்பரில் ஆரிகனிலிருந்து பத்து ஓநாய்கள் வந்தன, அடுத்த வசந்தத்திலேயே கிராண்ட் கவுண்டியில் கன்றுகள் செத்தன. அந்தச் சூடு ஆறுவதற்குள் 127 வந்தது. விலங்கியல் படித்தவர்கள் முடிவு செய்ய வேண்டியதை, டிவி விளம்பரம் பார்த்தவர்கள் முடிவு செய்யலாமா என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் கேட்டார்கள். அந்த முன்மொழிவு சிங்க வேட்டைக்கு 'டிராஃபி வேட்டை', அதாவது தலையையும் தோலையும் பெருமைக்கு வைத்துக்கொள்ளச் சுடுவது, என்று பெயர் வைத்திருந்தது, கறி எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் ஏற்கெனவே இருந்தும். லின்க்ஸையோ எவரும் சுட முடியாது, அது 2000இலிருந்தே மத்தியப் பாதுகாப்பில் இருக்கிறது. பட்டியலை நீட்டத்தான் சேர்த்தார்கள் என்பது என் எண்ணம்.

இதை ஜல்லிக்கட்டோடு முடிச்சுப் போட்டு, "பாரம்பரியம், நகரத்தான் தலையீடு" என்று வீரவசனம் பேசும் நம் ஆட்கள் டென்வரில் இருக்கிறார்கள். வருடம் ஒருமுறை இலை நிறம் மாறும்போது இந்தப் பக்கம் வந்து, நடுரோட்டில் வண்டியை நிறுத்தி மானுக்குச் சிப்ஸ் போட்டுப் படம் எடுப்பவர்களும் அவர்களேதான். காளை வீட்டு மாடு, பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். மலைச் சிங்கம் யார் வீட்டிலும் வளர்வதில்லை. இரண்டும் வேறு.

நான் முழுக்க வேட்டைக்காரர் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜிபிஎஸ் பட்டை கட்டிய நாய்களை விட்டுச் சிங்கத்தை மரத்தில் ஏற்றி, கீழே நின்று சுடுவதில் என்ன வீரம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். வெளியூர் ஆள் ஒருவர் வழிகாட்டிக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து, சுட்டு, தோலோடு விமானம் ஏறுவதைப் பார்த்தால் எரிச்சல்தான். கலிபோர்னியாவில் 1972இலிருந்து சிங்க வேட்டை இல்லை. அங்கே மான் இனம் ஒன்றும் அழிந்துவிடவில்லை. தடை கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது.

ஆனால் நான் இங்கே வந்தபோது டென்வர்த் தமிழர் ஒருவர்கூட போனை எடுக்கவில்லை. பேசி வைத்திருந்த வீடும் கைவிட்டுப் போய், பனியில் இரண்டு பெட்டியோடு நின்றேன். ஆஸ்பத்திரி லேபில் கூட வேலை பார்த்த பெண், தன் மாமனார் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனாள். அந்தப் பெரியவர் வளர்த்ததெல்லாம் ப்ளூடிக், வாக்கர் ரக வேட்டை நாய்கள். இரவெல்லாம் ஊளை, எனக்குத் தூக்கம் போயிற்று. புதுப் பனி விழுந்தால் விடியுமுன்னே கிளம்பிவிடுவார், தடம் தேட. பெரும்பாலும் சிங்கத்தை மரத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு நாய்களைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்துவிடுவார். "பெண், விட்டுவிட்டேன்" என்பார், இல்லையென்றால் "இன்னும் சின்னது" என்பார். நாய்களின் ஓட்டம்தான் அவருக்கு வேண்டியிருந்தது, சிங்கம் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கொடுத்த எல்க் என்னும் பெரிய மானின் கறிதான் எனக்குச் சாப்பாடு. மிளகும் சோம்பும் வறுத்து அரைத்துப் போட்டு நான் வைத்த குழம்பை மனிதர் ரொட்டியில் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவார். பிறகு வேட்டைக்காரர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சியில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். சுடுவதற்கு இல்லை, இந்த ஊரில் பேச்சு புரிய வேண்டுமே என்று.

மலையில் தனியாக நடக்கும்போது சிங்கத்தைக் கண்டால் ஓடாதீர்கள், முதுகையும் காட்டாதீர்கள். கையைத் தூக்கிப் பெரிதாக நில்லுங்கள், சத்தம் போடுங்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். மேலே பாய்ந்தால் திருப்பி அடியுங்கள். 2019இல் ஃபோர்ட் காலின்ஸ் பக்கத்து ஹார்ஸ்டூத் மலையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் இளம் சிங்கம் ஒன்றோடு வெறுங்கையோடு போராடிப் பிழைத்தார்.

ஜாக்கெட் எதுவானாலும் சரி, டயரை மாற்றுங்கள். தமிழ் மளிகைக்கு டென்வர் போக நாலு மணி நேரம் ஆகும், ஐ-70இல் செப்டம்பர் முதல் மே வரை குளிர்கால டயர்ச் சட்டம் உண்டு. சரியான டயர் இல்லாமல் வேல் (Vail) கணவாயில் வண்டி சறுக்கி வழியை மறித்தால் அபராதமும் கட்ட வேண்டும்.