ஜவ்வாது மலையில் வண்டித் தொல்லை இல்லாத சைக்கிள் வழிகள்: கேள்வி பதில்

கேள்வி (சத்துவாச்சாரி): சார், வெளிநாட்டுல கார், பைக் எதுவும் வராத சைக்கிள் பாதைன்னு தனியா போட்டிருக்காங்க. நம்ம மலைப்பக்கம் அப்படி ஏதாவது உண்டா?

பதில்: கிடையாது. அங்கே அந்தப் பாதைகளில் பல, மூடிப்போன ரயில் தடங்கள். ரயில் ஏறவேண்டிய தடம் என்பதால் ஏற்றம் நூற்றுக்கு இரண்டு, மூன்றைத் தாண்டாது, அதாவது நூறு மீட்டர் போனால் இரண்டு, மூன்று மீட்டர்தான் உயரும். நம்ம மலை ரோட்டில் நூற்றுக்கு 6 முதல் 8 சாதாரணம், கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் இன்னும் செங்குத்து. ஆனால் வண்டி குறைவான ரோடு நமக்கும் இருக்கு. அதை ரோட்டை வைத்து மட்டும் தேடக்கூடாது, நாளையும் நேரத்தையும் சேர்த்துத் தேடணும்.

மூன்று நாட்களை முதலில் அடித்துவிடுங்க. ஒன்று, ஞாயிறு: பீமன் மடவு அருவிக்கும் படகுத் துறைக்கும் வரும் கூட்டம் பத்து மணிக்கெல்லாம் மலை மேலே சேர்ந்துவிடும். இரண்டு, பௌர்ணமி: வேலூர்ப் பக்கமிருந்து திருவண்ணாமலை போகும் கிரிவலக் கூட்டம் கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் வழியாகத்தான் போகும், முந்தின நாள் மதியத்திலிருந்தே அந்த நெடுஞ்சாலை ஆகாது. மூன்று, ஆடி வெள்ளி: படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் வேனும் டெம்போவும் சந்தவாசல் கூட்டு ரோட்டில் மறித்து நிற்கும். செவ்வாய், புதன், வியாழன் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, மலை ரோடு கிட்டத்தட்ட உங்களுடையது. டவுன் பஸ், பால் வண்டி, ஸ்கூல் ஆட்டோ, அவ்வளவுதான்.

கேள்வி (காட்பாடி): அண்ணே, ஜமுனாமரத்தூருக்கு எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்கலாம்?

பதில்: தம்பி, பெரும்பாலானவர்கள் சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். அமிர்தி வழியாக ஏறுங்க, காவலூர், ஆலங்காயம் வழியாக இறங்குங்க.

அமிர்தி வழி குறுகல், தார் பெயர்ந்த இடங்கள் உண்டு, இரண்டு பக்கமும் காடு. அதனாலேயே வண்டி குறைவு. ஏறும்போது வேகம் ஏழு கிலோமீட்டர்தான், குழி முன்கூட்டியே தெரியும், ஒதுங்கிப் போகலாம். அதே ரோட்டில் முப்பதில் இறங்கினால் மர நிழலில் குழியும் நிழலும் ஒரே நிறமாகத் தெரியும். கீழே விழுகிறவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். காவலூர் பக்கம் சரிவு நீண்டு, பரவலாக இறங்கும், பார்வையும் தூரம் போகும்.

வேலூரிலிருந்து அமிர்தி சுமார் 25 கி.மீ. கணியம்பாடி வரை நெடுஞ்சாலை, அதை விடியுமுன் லாரி குறைவாக இருக்கும்போதே முடித்துவிடணும். நாலரைக்குக் கிளம்பினால் வெளுக்கும் நேரத்தில் அமிர்தி செக்போஸ்ட். அங்கிருந்து நம்மியம்பட்டு, பிறகு ஜமுனாமரத்தூர். இருட்டில் காட்டு ரோட்டுக்குள் நுழையவேண்டாம், கரடியும் காட்டுப்பன்றியும் நடமாடுகிற நேரம் அது. வேலூர் கடல் மட்டத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர், வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிற காவலூர் 725 மீட்டர். ஆக நிகர ஏற்றம் ஐநூறு மீட்டர். நடுவில் ஏறி இறங்குவதைச் சேர்த்தால் அதற்கு மேலேயே வரும்.

முதல்தடவை மலை ஏறுகிறவர் என்றால் இதை விட்டுவிட்டு வாணியம்பாடியில் ஆரம்பித்து ஆலங்காயம், காவலூர் போய் வந்த வழியே திரும்புங்க.

கேள்வி (ஆம்பூர்): என்னோடது சாதாரண ஹைப்ரிட் சைக்கிள். பல் சக்கரம் முன்னாடி 48-38-28 பல், பின்னாடி 14-லேருந்து 28 பல் வரை ஏழு கியர். பத்து கிலோ லக்கேஜோட ஏறுமா?

பதில்: ஏறும், ஆனா முட்டியைக் கேட்டுக்கொண்டு ஏறும். கணக்கைப் பாருங்க. ஆள் 70, சைக்கிள் 15, மூட்டை 10, மொத்தம் 95 கிலோ. ஏற்றம் நூற்றுக்கு 8. மிதி நிமிஷத்துக்கு 60 சுற்று என்று வைத்துக்கொள்வோம்.

முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்று போட்டால் வேகம் மணிக்கு ஏழரை, தேவைப்படும் சக்தி சுமார் 170 வாட். பின்னால் 34 பல் இருந்தால் வேகம் ஆறு, சக்தி 140 வாட். ரோடு பைக்கில் (மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள்) இருக்கும் முன்னால் 34, பின்னால் 28 என்றால் வேகம் ஒன்பது, சக்தி 210 வாட். பழக்கமுள்ள ஆள் ஒரு மணிநேரம் விடாமல் கொடுக்கக்கூடியது 150-ஐ ஒட்டித்தான். அதற்கு மேல் கேட்கும் கியரில் அறுபது சுற்று வராது, நாற்பதுக்கு இறங்கும், முட்டிவலி அங்கேதான் ஆரம்பம்.

எனவே 14-34 ஃப்ரீவீல் (பின்சக்கரப் பல் சக்கரத் தொகுதி) மாற்றுங்க, செலவுக்குப் பலன் அதிகம். ஆனால் அது மட்டும் போதாது. பின் டீரெய்லர் (செயினை ஒரு பல் சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பகுதி) 34 பல்லைத் தாங்குவதாகவும், நீளக் கூண்டு உள்ளதாகவும் இருக்கணும். முன்னால் வித்தியாசம் 20, பின்னால் 20, மொத்தம் 40 பல் அளவு செயினை அது சுருட்டியாகணும். செயினில் 4 கண்ணி கூடும். பழைய செயினையே விட்டுவிட்டு, தவறிப்போய் பெரிய பல்லுக்குப் பெரிய பல் போட்டால் டீரெய்லர் இழுத்துக் கிழிந்துவிடும்.

கேள்வி (அதே ஆம்பூர் நண்பர்): மெக்கானிக் ஃப்ரீவீல் கழறவே மாட்டேங்குதுன்னு கைவிட்டுட்டார்.

பதில்: மிதிக்க மிதிக்க இறுகுகிற மரை அது, எளிதில் கழறாது. டயரைக் கழற்றவேண்டாம், பிடிக்க அது வேணும். ஃப்ரீவீல் ரிமூவரைக் காடிக்குள் உட்காரவைத்து, ஆக்ஸில் நட்டை அதன்மேல் லேசாக இறுக்குங்க, நழுவாமல் இருக்கும். ரிமூவரைப் பட்டறை வைஸில் பிடித்து, சக்கரத்தை இரண்டு கையாலும் பஸ் ஸ்டீயரிங் மாதிரி இடப்பக்கம் திருப்புங்க. அரைச்சுற்று அசைந்ததும் அந்த நட்டைத் தளர்த்துங்க, இல்லாவிட்டால் ஆக்ஸில் மரை போய்விடும். புதியதைப் போடும்போது மரையில் கிரீஸ் தடவணும். இதை விட்டதால்தான் பழையது இப்படி ஒட்டிக்கொண்டது.

கேள்வி (போளூர்): இறக்கத்துல ரிம் தொட முடியாத அளவு சுடுது. பிரேக் கட்டை தப்பா?

பதில்: கட்டை தப்பில்லை, பிடிக்கிற விதம் தப்பு. 95 கிலோ, 500 மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 465 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொதிக்கப் போதுமான சூடு. மெதுவாகப் போகலாம் என்று பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வந்தால் அத்தனையும் ரிம்முக்குத்தான் போகும். நேர் ரோட்டில் விட்டு ஓடவிட்டால் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு முன், சைக்கிள் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விடுங்க. ரிம் கொதிக்க ஆரம்பித்தால் நின்று பத்து நிமிஷம் ஆறவிடணும். இறக்கத்தில் டியூப் வெடிப்பது பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான். மெக்கானிக்கல் டிஸ்க் என்றால் கட்டை தேயத் தேய லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். ஏறுமுன் ஒருமுறை, இறங்குமுன் ஒருமுறை அட்ஜஸ்டரைத் திருகிப் பாருங்க.

கேள்வி (திருப்பத்தூர்): பஞ்சருக்கு என்ன ஏற்பாடு?

பதில்: அடிவாரத்தில் எமன் சீமைக்கருவேல முள். டியூபை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீங்க, முறிந்த முனை டயருக்குள்ளேயே இருக்கும். பஞ்சை உருட்டி டயரின் உள்பக்கம் ஒருசுற்று தேய்த்தால், முள் இருக்கும் இடத்தில் நூலாய்ப் பிடிக்கும். விரலால் தேய்த்தால் விரல்தான் கிழியும். 35 அல்லது 38 மி.மீ. டயர், மூட்டை ஏற்றிய பின்சக்கரத்துக்கு 60 பிஎஸ்ஐ, முன்னுக்கு 50. மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அடாப்டர் கையில் இருக்கட்டும். ஊர்க்கடையில் உள்ள சைக்கிள் பம்ப்பும் பைக் கம்ப்ரெஸரும் அதற்குப் பொருந்தாது.

முள்ளைவிட மோசம் ஒன்று இருக்கு, யாரும் சொல்வதில்லை: வைக்கோல். அறுப்பு நேரத்தில் சாமைக் கதிரையும் கேழ்வரகையும் வண்டி ஏறி உதிரட்டும் என்று ரோட்டிலேயே பரப்பிவைப்பார்கள். அதன்மேல் மிதித்துக்கொண்டு போனால் தாள் டீரெய்லர் உருளைக்குள் சுற்றிக்கொள்ளும், ஹேங்கர் (டீரெய்லரைச் சைக்கிள் சட்டத்தோடு மாட்டும் துண்டு) முறியும். இறங்கித் தூக்கிக்கொண்டு நடங்க, அவர்கள் தானியமும் சிதறாது. உங்கள் மாடலுக்கான ஹேங்கர் ஒன்று பையில் கட்டாயம். அது மலையில் மட்டுமல்ல, வேலூரிலும் தேடினால்தான் கிடைக்கும்.

கேள்வி (குடியாத்தம்): ஐயா, நாங்க மூணு பொம்பளைங்க போறோம். ராத்திரி டென்ட் போட்டுத் தங்கலாமா?

பதில்: காட்டுக்குள் வேண்டாம்மா. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம். தவிர, இது சந்தனமரக் காடு. மூட்டையோடு ரோட்டை விட்டு விலகி நிற்கும் யாரையும் வனத்துறை சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஜமுனாமரத்தூரில் தங்கும் இடங்கள் உண்டு, முன்பே பேசி உறுதிசெய்துகொண்டு மாலை நாலுக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்க. நடுவில் கழிப்பறைக்கு நம்பக்கூடிய இடங்கள் குறைவு, அமிர்தியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. காட்டில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்க. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு.

கேள்வி (ஜோலார்பேட்டை): ஏலகிரியைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?

பதில்: பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி, நல்ல தார், ஏற்றப் பயிற்சிக்கு அருமை. ஆனால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் காரில் வருகிற ஊர். வாரநாளில் விடியற்காலை ஏறி, எட்டு மணிக்குள் இறங்குவதென்றால் மட்டும் போங்க.

கேள்வி (ஆரணி): பத்து வயசுப் பையனையும் கூட்டிட்டுப் போறமாதிரி வழி?

பதில்: மலை ஏறாமல் மலையடியில் ஓட்டுங்க. சந்தவாசலிலிருந்து படவேடு, அங்கிருந்து செண்பகத்தோப்பு அணை. வாழைத்தோப்பும் வயலும், ஏற்றம் லேசு. ஆடி மாசம் மட்டும் தவிர்க்கணும். பையன் சைக்கிளின் சீட் உயரத்தைப் பார்த்துவிடுங்க, மிதி கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடிந்திருந்தால் சரி.

கேள்வி (ராணிப்பேட்டை): எந்த மாசம் நல்லது? திரும்ப ரயில்ல சைக்கிளை ஏத்தலாமா?

பதில்: டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. ஏப்ரல், மே மாதம் வேலூர் வெயிலில் அடிவாரத்தை அடைவதற்குள்ளேயே பாதி தெம்பு போய்விடும். அக்டோபர், நவம்பர் மழையில் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் இறங்கிக் கடக்க முயலாதீங்க, திரும்பிவிடுங்க. ரயிலுக்கு, பார்சல் ஆபீஸில் லக்கேஜாகப் புக் செய்யணும், அதற்கு வண்டி நின்று போகிற ஜோலார்பேட்டை ஜங்ஷன்தான் தோது. இரண்டு நிமிஷம் நிற்கும் சின்ன ஸ்டேஷனில் பிரேக் வேனில் ஏற்ற நேரம் கிடைக்காது. வண்டிக்கு ஒரு மணிநேரம் முன்னே போய், டீரெய்லர் பக்கம் அட்டை கட்டி, ஹேண்டிலில் பெயரும் இறங்கும் ஸ்டேஷனும் எழுதிய சீட்டைத் தொங்கவிட்டு, பை, விளக்கு, பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்க.