பழைய இங்கிலாந்துப் பவுண் காசை நகையாகப் போட்டால் மதிப்புக் குறையுமா?

தாராளமாகப் போடலாம். காசில் நெருப்பு மட்டும் படக்கூடாது. தட்டாரிடம் கொடுக்கும்போது இதை இரண்டு தரம் சொல்லுங்கள்.

எனக்கு ஊர் இலங்கையின் கிழக்கே இருக்கும் திருக்கோவில். அம்மம்மாவின் தாலிக்கொடியில் இரண்டு பவுண் காசு தொங்கும். விதைப்புக் காலத்தில் கொடி ஈட்டுக்குப் போகும், வேளாண்மை வெட்டி நெல் விற்றதும் திரும்பி வரும். ஈடு பிடித்தவர்கள் தராசில் போட்டார்களே தவிர, ஒருவரும் காசைத் திருப்பி வருடம் பார்க்கவில்லை. நாங்களும்தான். குதிரையில் இருந்து பறவைநாகத்தை வெட்டுபவரைச் சின்ன வயதில் முருகன் என்றே நினைத்திருந்தேன். மயில் எங்கே போனது என்பது மட்டும் விளங்கவில்லை. அவர் புனித ஜோர்ஜ். 1817 இல் பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியர் செதுக்கிய உருவம்.

கொடி என் கைக்கு வந்த பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்று ஏழாம் எட்வர்ட் காசு, 1908. வருடத்துக்கு மேலே, தரைக்கோட்டில் பொடி எழுத்தாக ஒரு 'எம்'. மெல்பர்னில் அடித்தது என்று அர்த்தம். 'எஸ்' என்றால் சிட்னி, 'பி' என்றால் பெர்த், 'ஐ' என்றால் பம்பாய். பம்பாயில் 1918 இல் மட்டும்தான் அடித்தார்கள்.

மற்றதில் 1940 என்று இருந்தது. அந்த வருடம் இந்தக் காசை அடிக்கவே இல்லை! தட்டார் உரைத்துப் பார்த்துவிட்டு 20 கரட்கூட வராது என்றார். உண்மையான காசு 22 கரட், 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீற்றர். நம் கடைகளில் 8 கிராமைப் பவுண் என்பதும், இந்தியாவில் சவரன் என்பதும் இந்தக் காசை வைத்து வந்த பேச்சுத்தான்.

சரி, மதிப்பு. எட்வர்டின் தலைக்கு மேலே யாரோ பற்றுப்பொடி வைத்து, நெருப்பு ஊதி, வளையம் ஒட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் எழுத்து உருகிப் போயிருக்கிறது. பழங்காசு சேர்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன், தங்க விலைக்குமேல் ஒரு ரூபாய் பேசவில்லை. 1908 அப்படியொன்றும் அரிதான வருடம் இல்லை, அதனால் எனக்குப் பெரிய நட்டமில்லை. உங்களுடையது அரிதானதாக இருந்தால் கதை வேறு. ஆகவே முதலில் வருடத்தையும் எழுத்தையும் பாருங்கள்.

காசைச் சுற்றித் தங்கத்தில் ஒரு சட்டம் செய்து, சட்டத்தின் விளிம்பை மடக்கிப் பிடிக்க வைத்து, வளையத்தைச் சட்டத்தில் ஒட்டச் சொல்லுங்கள். காசு உள்ளே போகுமுன் ஒட்டு வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கொடுக்கும்போது நிறுங்கள், வாங்கும்போதும் நிறுங்கள். மெருகு போட விடாதீர்கள், காசு தேயும்.

ஏற்கெனவே வளையம் ஒட்டிய காசென்றால் கழற்றப் போகாதீர்கள், அதற்கும் நெருப்புத்தான் வேண்டும். எட்வர்டை நான் அப்படியே சங்கிலியில் போட்டிருக்கிறேன். 1940 ஐ உருக்கித் தோடு செய்தாயிற்று.